பஸ்ஸின் முதுகில் வந்த லீவு

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மானேஜர் எனக்கு முதலில் காட்டியது என் மேஜையை அல்ல, ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை.

காரைக்குடியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு டூட்டி கிளார்க் வேலை. எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர் என்று காலையில் டூட்டி போட்டு, டூட்டி ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். டூட்டி கிளார்க் கையெழுத்துள்ள ஸ்லிப்பைக் காட்டினால்தான் வாட்ச்மேன் ஷெட் கேட்டைத் திறப்பார். முதலாளியே வந்து ஹாரன் அடித்தாலும் ஸ்லிப் இல்லாமல் திறக்கக் கூடாது என்பது கம்பெனியின் பழைய சட்டம். அந்தக் கையெழுத்துப் பேனா என் கைக்கு வந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

"ஆம்பளைக வண்டி ஓட்ட, பொம்பளை டூட்டி போடுறதா?" என்று ஷெட்டில் முணுமுணுத்தார்கள். என் காதில் நன்றாகவே விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் வத்தல் காயப்போட எனக்கு இஷ்டமில்லை.

மானேஜர் நாகலிங்கம் அந்தக் கம்பெனியிலேயே டிரைவராக இருந்து மேலே வந்தவர். காக்கியைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்ட பிறகும் ஹெவி லைசென்ஸை விடாமல் புதுப்பித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். யாராவது லீவு கேட்டால் அதை எடுத்துக் காட்டுவார். "இது இன்னமும் உயிரோட இருக்கு, பாரு. நான் ஸ்டியரிங் பிடிச்ச காலத்துல ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தது கிடையாது" என்பார். இந்த வசனம் ஷெட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் பையில் கை வைத்ததுமே சிலர் உதட்டை அசைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் நாள் விடியற்காலை அவர் என்னிடம் சொன்னது இதுதான்:

"ஏம்மா பிலோமினா, வண்டி உள்ள வந்ததும் முன்னாடி பார்க்காத. பின்னாடி போயி ஏணிக்குக் கீழ பாரு. அங்குட்டுத்தான் உன் வேலை இருக்கு."

காளையார்கோவிலில் நைட் ஹால்ட் போட்டு, தேவகோட்டை வழியாக முதல் ட்ரிப் வந்த வண்டி உள்ளே நுழைந்தது. நான் பின்னால் போனேன். எங்கள் வண்டிகளுக்குக் கீழ்ப்பாதி கரும்பச்சை. அதில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

'சவரிமுத்து. இன்று வர முடியாது. ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்கு.'

2. சேதி சொன்னவனுக்கு மெமோ

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அப்போது கைபேசி கிடையாது. எங்கள் டிரைவர்களில் பாதிப்பேர் பஸ் போகிற வழியில் உள்ள கிராமத்துக்காரர்கள். முதல் ட்ரிப் வண்டியில் ஏறி வந்துதான் ஷெட்டில் டூட்டி எடுப்பார்கள். திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்றால் கம்பெனிக்கு எப்படிச் சொல்வது? ஊரில் போன் ஏதாவது ஒரு பெரிய வீட்டில் இருக்கும். விடியுமுன் அந்தக் கதவைத் தட்ட யாருக்கும் தைரியம் வராது. தந்தி கொடுக்கலாம். தந்தி வந்து சேருவதற்குள் காய்ச்சல் விட்டுப்போயிருக்கும்.

முதல் ட்ரிப் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பலாமே என்று நானும் கேட்டேன். சொல்லித்தான் அனுப்பினார்களாம். "அண்ணே, இன்னார் இன்னைக்கு வரலையாம்" என்று கண்டக்டர் வாயைத் திறந்ததும் மானேஜர் பிடித்துக்கொள்வார். "ஏன் வரலை? நீ பார்த்தியா? நீ என்ன டாக்டரா? உனக்கு என்ன வாங்கிக் குடுத்தான்?" கடைசியில் லீவு போட்டவன் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, சேதி கொண்டுவந்தவன் மெமோ வாங்குவான். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தானே செய்யும்? கண்டக்டர்கள் எல்லோரும் கூடி, இனி யாருடைய லீவையும் வாயால் சுமப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சாக்பீஸ் வழக்கம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டீக்கடையில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடக்கும். வண்டி வந்து நின்றதும் உடம்பு சரியில்லாதவரோ அவர் வீட்டு ஆளோ பின்னால் போய் எழுதிவிடுவார்கள். சாக்பீஸ் இல்லாவிட்டால் வண்டியில் படிந்திருக்கும் புழுதியில் விரலாலேயே எழுதுவார்கள். கண்டக்டர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார். ஷெட்டில் வந்து, "பின்னாடி ஏதோ எழுதியிருக்காப்ல இருக்கு, நான் ஒண்ணும் பார்க்கலை" என்பார். சேதி வந்துவிடும், ஆனால் கொண்டுவந்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். பஸ்ஸுக்கு மெமோ கொடுக்க முடியாதல்லவா?

நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை. மானேஜருக்கு முன்னால் அதை ஊரே படித்துவிடும். எழுத்தை யாரும் அழிப்பதும் இல்லை. அடுத்த ட்ரிப்பில் அதே வண்டி தேவகோட்டைக்குப் போகும், வரும். சவரிமுத்துவின் வயிறு அன்று முழுக்கப் பஸ் ஏறி ஊர் சுற்றியது.

3. நான் போட்ட சட்டம்

சவரிமுத்து எங்கள் கம்பெனியின் நல்ல டிரைவர். அதிகம் பேச மாட்டார். திருப்பத்தூர் ரோட்டில் அவர் ஓட்டினால் பின் சீட்டில் தூங்குகிற குழந்தை எழாது என்று பெண்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷரை அடுத்த ஒரு மாதம் ஊர் பாடாய்ப்படுத்தியது. தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பெண், "என்னண்ணே, இப்பத் தேவலையா?" என்று கேட்டுச் சிரித்தாள். பள்ளிக்கூடப் பையன்கள் ஸ்டாப் வரும் முன்னே, "அண்ணே, அவசரம்னா நிப்பாட்டிக்கிருங்க" என்று கத்தினார்கள்.

ஒருநாள் ஸ்லிப் வாங்க வந்தவர் என் மேஜை முன் நின்றுகொண்டே இருந்தார்.

"கிளார்க்கம்மா, இனிமே செத்தாலும் எழுத மாட்டேன். முடியலைன்னாலும் வந்து ஓட்டிருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. முடியாதவர் வந்து ஓட்டுவது என்றால் என்ன என்று பஸ் கம்பெனியில் இருப்பவர்களுக்குத் தெரியும். வண்டிக்குள் இருக்கிற அத்தனை பேரையும் வைத்துக்கொண்டல்லவா அவர் முடியாமல் ஓட்டுவார்?

"அண்ணே, இனிமே பேரும் 'உடம்பு சரியில்லை'ன்னும் மட்டும் போடுங்க. அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம். என்ன ஏதுன்னு நானும் கேட்க மாட்டேன். வண்டி உள்ள வந்ததும் படிச்சுட்டு நானே அழிச்சுருவேன்" என்றேன்.

"மானேஜர் கேட்பாகளே?"

"கேட்டா என்கிட்டத்தான கேட்பாக? நான் பார்த்துக்கிறேன்."

அன்று முதல் என் மேஜைக் காலில் ஒரு ஈரத்துணி தொங்கியது. விடிந்ததும் வண்டி வண்டியாகப் பின்னால் போவேன். படிப்பேன், துடைப்பேன், வந்து உட்கார்ந்து ஸ்பேர் டிரைவரைப் போடுவேன். 'ராமையா. உடம்பு சரியில்லை.' சரி. 'அந்தோணி. உடம்பு சரியில்லை.' சரி. மானேஜர் எகிறுவார். "என்ன சீக்குன்னுகூடப் போடாம என்னம்மா லீவு?" என்பார். "சீக்குப் பேர் தெரிஞ்சா நீங்க மருந்தா குடுக்கப் போறீக சார்?" என்பேன். அவர் லைசென்ஸை எடுப்பார். நான் அடுத்த ஸ்லிப்பை எழுத ஆரம்பித்துவிடுவேன்.

இதைப் பயன்படுத்தி நாலு பேர் பொய் லீவு போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டிருப்பார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். கேள்வி கேட்காத இடத்தில் பொய் சொல்வது மனுஷனுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு ஸ்பேர் டிரைவர் போதாமல் போன நாட்கள் முன்பைவிடக் குறைந்தனவே தவிரக் கூடவில்லை.

4. மாசி மகம்

மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர் தெப்பம். குளக்கரையில் விளக்கு ஏற்ற எங்கெங்கிருந்தோ பெண்கள் வருவார்கள். எங்களுக்கு வருஷத்தில் மிகப் பெரிய நாள் அது. இருக்கிற வண்டியெல்லாம் ஸ்பெஷல் ஓடும். அந்த வருஷம் மானேஜர் நாலு நாள் முன்பே நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிவிட்டார்: மாசி மகத்தன்று எவருக்கும் எக்காரணம் கொண்டும் லீவு இல்லை, வராதவர் மறுநாள் முதல் வர வேண்டாம்.

அன்றைய முதல் ஸ்பெஷலில் எங்கள் முதலாளியே போவார். முதலாளி என்றால் ஆச்சி. கணவர் தவறிய பிறகு கம்பெனியைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தியவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ஷெட்டுக்கு வருவார், அதிகம் பேச மாட்டார், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பார். வருஷா வருஷம் மாசி மகத்தன்று சொந்தக்காரப் பெண்களோடு முதல் வண்டியில் ஏறுவார். அகல் விளக்குகளைக் கொட்டான் என்கிற ஓலைக் கூடையில் அடுக்கிக்கொண்டுவந்து டிரைவர் கையில் கொடுப்பார். டிரைவர் அதை வாங்கித் தன் சீட்டுக்குப் பக்கத்தில், என்ஜின் பானெட் மேல் பத்திரமாக வைக்க வேண்டும். அது கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து வரும் பழக்கம். அந்தக் கொட்டானை வாங்கும் டிரைவர் சில வருஷமாகவே சவரிமுத்துதான்.

விடியற்காலை காளையார்கோவில் வண்டி வந்தது. கண்டக்டர் இறங்கும்போதே வானத்தைப் பார்த்தார். உடனே பின்னால் போனேன்.

'சவரிமுத்து. உடம்பு சரியில்லை.'

எழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. அவருடைய எழுத்து இல்லை. நான் துணியை எடுப்பதற்குள் மானேஜர் பின்னாலேயே வந்து நின்றார்.

"பார்த்தியா? இது அவன் கையெழுத்தே இல்லை. எவனையோ விட்டு எழுதச் சொல்லிட்டு அவன் மாமியா வீட்டுல விருந்து தின்னுக்கிட்டு இருப்பான்."

"அவரால எழுந்து வந்து எழுதக்கூட முடியலைன்னு அர்த்தம் சார்."

"என்ன சீக்கு? அதையாவது போட்டிருக்கானா?"

சீக்கின் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே. சவரிமுத்து 'கடும் காய்ச்சல்' என்று நாலு வரி எழுதியிருந்தால் மானேஜர் ஒருவேளை நம்பியிருப்பார். என் பேச்சைக் கேட்டு ஒரு வரியோடு நிறுத்தியதால் இப்போது அவர் வேலை போகப் போகிறது.

ஸ்பேர் டிரைவர் யாரும் மிச்சமில்லை. புதுவயல் வண்டியில் ஒரு ட்ரிப்பைக் கட் பண்ணி அந்த டிரைவரை எடுக்கலாம் என்றேன். "ட்ரிப் கட்டா? இன்னைக்கா?" என்று குதித்தார். பிறகு கம்பெனி ஜீப்பை வரச்சொல்லி, "போயி அவனைத் தூக்கிட்டு வா. வரலைன்னா நாளையிலேருந்து வேலை இல்லைன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

ஜீப் திரும்பி வந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. சவரிமுத்து காக்கிச் சட்டை போட்டுத்தான் இறங்கினார். பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தார். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன.

"ஒண்ணுமில்லை கிளார்க்கம்மா, ஓட்டிருவேன். ஸ்லிப்பைக் குடுங்க" என்றார். "மூணு பொம்பளைப் பிள்ளைக. வேலை போனா என்ன பண்றது?"

"நான் போட மாட்டேன் அண்ணே" என்றேன்.

மானேஜர் மேஜையைத் தட்டினார். "போடும்மா கையெழுத்தை. ஆச்சி வர்ற நேரம்."

"உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்தவருக்கு நான் டூட்டி போட மாட்டேன் சார்."

"நான் மானேஜர் சொல்றேன்."

"நீங்க சொல்றீக. கையெழுத்து என்னுது."

"அப்ப நாளையிலேருந்து நீயும் வர வேண்டாம்."

பயமாகத்தான் இருந்தது. வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருந்தோம். ஆனாலும் பேனாவை மூடி டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றேன். என் சர்வீஸிலேயே நான் பெருமையாக நினைக்கிற காரியம் இதுதான். பேனாவைப் பிடித்து எத்தனையோ ஸ்லிப் எழுதியிருக்கிறேன். பேனாவைப் பூட்டி வைத்தது அன்று ஒருநாள்தான்.

அந்த நேரத்தில் ஆச்சி வீட்டுக் கார்கள் வந்து நின்றன. அவரும் சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பேரும் பட்டுப் புடவையில் இறங்கினார்கள். ஸ்பெஷல் வண்டி மாலை, சந்தனம் எல்லாம் போட்டுத் தயாராக நின்றது.

"நல்ல நாளும் அதுவுமா என்ன சத்தம்? வண்டி ஏன் இன்னும் உள்ள நிக்கிது?" என்றார் ஆச்சி.

"ஒண்ணுமில்லை ஆச்சி, இந்தா கிளம்பிருச்சு" என்றார் மானேஜர். "டிரைவர், வண்டியில ஏறுப்பா."

நான் வாயைத் திறக்குமுன் ஆச்சி வழக்கம்போலச் சவரிமுத்துவிடம் வந்து ஓலைக் கொட்டானை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதும் உள்ளே இருந்த அகல் விளக்குகள் கடகடவென்று ஆட ஆரம்பித்தன. அவர் கையை உடம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. குளிர் ஜுரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஷெட்டில் அத்தனை பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆச்சி கொட்டானைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உடம்புக்கு என்ன?"

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் ஆச்சியை, அப்போதுதான் ஒரு ட்ரிப் முடித்து உள்ளே வந்திருந்த காளையார்கோவில் வண்டியின் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினேன். அன்று நடந்த களேபரத்தில் அழிக்க மறந்த எழுத்து அப்படியே இருந்தது.

"காலையிலேயே எழுதி விட்டிருக்காக ஆச்சி. இவுகளாத்தான் ஜீப்பை விட்டுக் கூட்டியாந்தாக. நான் ஸ்லிப் போட மாட்டேன்னேன். அதான் சத்தம்."

ஆச்சி அந்த ஒரு வரியை நின்று படித்தார்.

"இதுக்கு மேல என்ன எழுதணும்?" என்று மானேஜரைக் கேட்டார். "சாமி கும்பிடப் போறோம். காய்ச்சக்காரரை எழுப்பிக் கூட்டியாந்து, அவர் ஓட்டுற வண்டியில ஏறிப் போயி என்னன்னு கும்பிடுறது?"

"வேற டிரைவர் இல்லை ஆச்சி. எல்லா வண்டியும் ஓடுது."

ஆச்சி அவர் சட்டைப் பையைப் பார்த்தார்.

"உங்க லைசென்ஸு உயிரோட இருக்குன்னு சொல்லுவீகளே, இருக்கா?"

மானேஜரின் கை தானாகப் பைக்குப் போனது. எத்தனையோ முறை எங்களுக்கு எடுத்துக் காட்டியதை இப்போது எடுக்க முடியாமல் கையைப் பை மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இருக்கு ஆச்சி."

"அப்ப நீங்க ஓட்டுங்க. பிலோமி, இவுக பேருக்கு ஸ்லிப் போடு. ஜீப்புல அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு."

நான் சாவியை எடுத்து, டிராயரைத் திறந்து, பேனாவை எடுத்து, டிரைவர் என்ற இடத்தில் 'நாகலிங்கம்' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை இன்று போடச் சொன்னாலும் அத்தனை அழகாக வராது. மானேஜர் ஸ்லிப்பையும் ஓலைக் கொட்டானையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, மரியாதையாக ஒரு சல்யூட்டும் வைத்தார்.

மானேஜர் நன்றாகவே ஓட்டினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். ஆச்சியை இறக்கிவிட்டதோடு அவர் வேலை முடியவில்லை. கூட்டம் அப்படி. பொழுது சாயும் வரை திருக்கோஷ்டியூருக்கும் காரைக்குடிக்கும் வண்டியை அடித்துக்கொண்டே இருந்தார். பவர் ஸ்டியரிங் எல்லாம் இல்லாத காலம். வெயில், புழுதி, மேலே ஏணி வரை ஆள். கடைசியாக ஷெட்டில் இறங்கியபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இறங்கினார்.

சவரிமுத்துவுக்கு டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்படியே படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

5. சாக்கோட்டை வண்டி

மறுநாள் விடிந்தது. எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. 'நாளையிலேருந்து வர வேண்டாம்' என்று மானேஜர் சொன்னதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வரச்சொல்லவும் இல்லை, போகச்சொல்லவும் இல்லை. வழக்கம்போல ஈரத்துணியை நனைத்துத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன்.

சாக்கோட்டைப் பக்கத்திலிருந்து முதல் ட்ரிப் வண்டி வந்தது. அந்த வண்டியில்தான் மானேஜர் தினமும் வருவார். அவர் இறங்கவில்லை. கண்டக்டர் இறங்கினார். முகத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் வானத்தைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பார்க்கலைக்கா" என்றார்.

நான் பின்னால் போனேன். அதற்குள் நாலைந்து டிரைவர்கள் கூடிவிட்டார்கள். ஏணிக்குக் கீழே, நிறுத்தி நிதானமாக, கோடு போட்டது போன்ற நேரான எழுத்தில் இருந்தது:

'நாகலிங்கம். உடம்பு சரியில்லை.'

ஒருவர் ஆரம்பித்தார். "லைசென்ஸு உயிரோட இருக்கு, ஆளைத்தான் காணோம்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இப்படியே விடுங்கக்கா. இந்த வண்டி தேவகோட்டைக்குப் போயிட்டு வரட்டும், ஊரே பார்க்கட்டும்" என்றார் இன்னொருவர். "என்ன சீக்காம்? இடுப்பா, முதுகா? நான் வேணா ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போயித் தூக்கிட்டு வரவா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். முந்தின நாள் என்னை வேலையை விட்டுப் போகச்சொன்னவர். ஊர் முழுக்க அந்த எழுத்து ஒரு சுற்று சுற்றி வந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவர் ஒரு வரிதான் எழுதியிருந்தார். நான் போட்ட சட்டத்துக்கு ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆச்சி வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம், அவர் வீட்டுப் பக்கம் போன் இருந்தது. அதை விட்டுவிட்டு ஸ்டாப்புக்கு வந்து, டீக்கடையில் சாக்பீஸ் கேட்டு வாங்கி, பத்துப் பேர் பார்க்க எழுதியிருக்கிறார். என்னை நம்பித்தானே எழுதினார்?

"உடம்பு சரியில்லைன்னா உடம்பு சரியில்லைதான். அவருக்கும் அதே சட்டம்தான்" என்றேன். துணியை எடுத்து, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுத்தமாகத் துடைத்தேன். மேஜைக்குத் திரும்பி வந்து மானேஜர் பெயருக்கு நேரே லீவு என்று எழுதினேன். அன்று ஷெட்டையும் நானே பார்த்துக்கொண்டேன். ஒரு ட்ரிப்கூடக் கட் ஆகவில்லை.

அடுத்த நாள் அவர் வந்தார். என் மேஜையைத் தாண்டித் தன் அறைக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்தார். வண்டிகள் நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "துடைச்சுட்டியாமே?" என்றார்.

"ஆமா சார்."

"ம்" என்றார். நோட்டீஸ் போர்டுக்குப் போய், தான் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். நான் வேலைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மாதம் ஸ்டோர் சாமான் வாங்கும்போது கிரீஸ், வேஸ்ட் காட்டன், பல்பு என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "சாக்பீஸ் ஒரு டஜன் பெட்டி போடும்மா. ஒவ்வொரு ஸ்டாப் டீக்கடைக்கும் ஒண்ணு குடுத்துரு. கடைக்காரன் துண்டு துண்டா வச்சிருக்கான், கை வலிக்கிது" என்றார். அதன் பிறகு யார் லீவு கேட்டபோதும் அவர் கை சட்டைப் பைக்குப் போய் நான் பார்க்கவில்லை.

6. சவரிமுத்து திரும்பி வந்தார்

மூன்று வாரம் கழித்துச் சவரிமுத்து இளைத்துப்போய் வந்தார். ஸ்லிப்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா நான் ஓட்டியிருப்பேன் கிளார்க்கம்மா. ஆனா வழியில பிள்ளையார்பட்டியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய் வண்டியை எடுத்தார். அந்த வண்டியில் ஏறப் போகிற குழந்தைகள் அன்றும் நன்றாகத் தூங்கியிருக்கும்.

இப்போது லீவு சொல்வது சுலபமாகிவிட்டது. கைபேசியில் தட்டினால் போதும். ஆனாலும் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்க்கிறேன். என் தங்கை மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். காய்ச்சலோடு உட்கார்ந்து மேலதிகாரிக்கு மூன்று பத்தி எழுதி, மன்னிப்புக் கேட்டு, தெர்மாமீட்டரைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அவர் என்ன சொல்வாரோ என்று போனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். காய்ச்சலைவிட அந்தப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் அவளைப் படுத்தியது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. பேரும், உடம்பு சரியில்லை என்பதும் போதும். நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தச் செய்தியைப் படிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. எழுதுகிறவருக்கு ஒரு துண்டு சாக்பீஸ் போதும். படிக்கிறவர் கையில் ஒரு ஈரத்துணி இருக்க வேண்டும். என் துணி நான் ரிட்டயர் ஆகும் வரை காயவே இல்லை.